மலையிறங்கிய குடிசை

1961 ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மலைமேல் தேவனூர் நாட்டில் இருந்த தீட்டுக் குடிசை தானாக இறங்கி வந்து அடிவாரத்து ஜவ்வரிசி ஆலையின் களத்தோரம் நின்றது. கூரைப்புல்லில் காட்டுமுள் ஒட்டியிருந்தது. மற்றபடி சேதமில்லை.

தாழ்ந்த குடிசை அது; மழைக்கு ஒழுகும். தூரமான பெண்கள் மூன்று நாள் அதில் ஒதுங்கியிருப்பார்கள். யாரும் தொடமாட்டார்கள், யாரும் வேலைக்குக் கூப்பிடவும் மாட்டார்கள். பெண்கள் ஆலைக்கு இறங்கி, கொட்டகையில் தங்கி மரவள்ளிக் கிழங்கு உரிக்கத் தொடங்கிய பிறகு இரண்டு வருடமாக அது காலியாகக் கிடந்தது. ஆலையில் மூன்று நாள் வராதவளின் கத்தி வேறொருத்தி கைக்குப் போய்விடும். மாராயியின் கத்தி அப்படித்தான் இருசாயிக்கு வந்தது. கணவன் இல்லாத இருசாயிக்கு இரண்டு பிள்ளைகள். அதனால் அவள் தூரமானதை யாரிடமும் சொல்லவில்லை. கிணற்றடியில் எந்நேரமும் ஆண்கள் நின்றதால், துணியைக் கிழங்குப்பால் தொட்டியின் கழிவுநீரில் அலசிச் சாக்குக்கு அடியில் உலர்த்தினாள். மாவு ஏறிய துணி பலகையாக விறைத்துத் தொடையை அறுத்தது. புளித்த நீரில் குந்தி உரித்ததில் புண் பழுத்தது.

"ஏம் புள்ள, ஜவ்வரிசியாட்ட வெளுத்துட்ட? மேஸ்திரி பாத்தா களத்துல காயப் போட்டுருவாரு," என்றாள் பக்கத்தில் உரித்த அத்தாயி.

"ஒண்ணுமில்லக்கா." இருசாயி கத்தியை விடவில்லை.

மேஸ்திரி மருதாசலம் குடிசையைச் சுற்றி வந்தார். "யாரு ஊடு இது? எடுத்துட்டுப் போங்க."

"அதுவா வந்துச்சுங்க," என்றாள் அத்தாயி. "அதுகிட்டயே சொல்லிப் பாருங்க."

ஆட்கள் பிரித்துப் போட்டார்கள். மறுநாள் அது முன்போலவே நின்றது, ஜவ்வரிசி வறுக்கும் அடுப்புக்குப் பத்தடி நெருங்கி. மறுபடி பிரித்தார்கள், இன்னும் பத்தடி நெருங்கியது. வெள்ளிக்கிழமை இருசாயி காய்ச்சலில் கிழங்குக் குவியல்மேல் சாய்ந்தாள். அத்தாயி அவளைத் தூக்கிப்போய்க் குடிசைக்குள் கிடத்தினாள். உள்ளே காய்ந்த புல் பரப்பியிருந்தது, ஒரு பானை நல்ல தண்ணீர் இருந்தது. கத்தி எங்கே என்று இருசாயி கேட்டாள். "இங்கதான் இருக்குது கண்ணு," என்றாள் அத்தாயி. மூன்றாம் நாள் இருசாயி இறந்தாள். பிணம் மலையேறியது. குடிசை ஏறவில்லை.

ஆடியில் அத்தாயி தூரமானாள். கத்தியைத் தரையில் வைத்துவிட்டு, எல்லோரும் பார்க்கக் குடிசைக்குள் போனாள். மேஸ்திரி அந்தக் கத்தியை எடுத்து வேறொருத்தியிடம் நீட்டினார். குடிசை நகர்ந்தது. கூரைப்புல்லுக்கும் அடுப்புத் தீக்கும் இடையே ஒரு முழம்தான் இருந்தது. அவர் கத்தியை எடுத்த இடத்திலேயே வைத்தார். நான்காம் நாள் அத்தாயி வந்து அதை எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு காற்றடிக்கும் நாட்களில் ஆலையில் அடுப்பைத் தணித்தே எரித்தார்கள்.