நான்காவது கொள்கையும் பக்கத்துத் தெருவும்

1.

இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு கலைக்கூடத்தை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கான கொள்கைகளை நல்ல தமிழில் திருத்தித் தரச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். முன்பு டயர் கிடங்காக இருந்த இடம் அது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் சுவரில் கறுப்பு வட்டங்கள் மெல்ல எட்டிப் பார்க்கும். அதன் பொறுப்பாளர் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி. சுத்தியல் எங்கே என்று ஊரையே கூட்டுவார். சுத்தியல் அவர் கையிலேயே இருக்கும்.

முதல் மூன்று கொள்கைகளில் சிக்கல் இல்லை. படைப்புக்குப் பக்கத்தில் விளக்கம் ஒட்டக் கூடாது. சொந்தக்காரர்களின் படைப்புக்கு இடமில்லை. திறப்பு நாளில் யாரும் சொற்பொழிவு ஆற்றக் கூடாது. (இது ஒன்றுக்காகவே இவர்களுக்கு மாலை போடலாம்.)

நான்காவது: காட்சிக்கு வைத்த படைப்பை யார் கேட்டாலும் முடிவு நாளுக்கு முன்பு எடுக்க மாட்டோம்.

"நல்லாத்தானே இருக்கு, இதுல என்ன திருத்தணும்?" என்றேன். பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கதை அங்கேதான் ஆரம்பித்தது.

2.

முதல் வரிக்கான முயற்சிகள்:

மழை விட்டிருந்த ஒரு மாலை நேரத்தில் (மழையே பெய்யவில்லையாம். அடித்துவிட்டேன்.)

கொள்கை என்பது மனிதன் தனக்குத் தானே (கட்டுரை வாடை. பாதியில் விட்டேன்.)

வாலு உள்ளே வந்தபோது அவளுடைய அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

இது நிற்கட்டும். ஆனால் அப்பாவை முந்தின நாள்தான் அடக்கம் செய்திருந்தார்கள் என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும்.

வாலு என்பது பட்டப்பெயர். பொறுப்பாளரின் கல்லூரித் தோழி. ஒலிகளை வைத்துப் படைப்புகள் செய்பவள். நினைவு தப்பிப்போன அப்பா கட்டிலில் கிடந்தபடி தன்னிடம் பேசுவதையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தாள். அதுதான் அப்போது கலைக்கூடத்தில் காட்சிக்கு இருந்தது: வெறும் அறை, ஒரு நாற்காலி, ஒரு ஸ்பீக்கர். "யாரும்மா நீ? சாப்டியா?" என்று குரல் கேட்கும். மகளை அடையாளம் தெரியாவிட்டாலும், சாப்பிட்டாளா என்று கேட்க மட்டும் அவருக்கு மறக்கவில்லை. வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியே போனார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான்காவது கொள்கையை வகுத்தவளே வாலுதான். ஒருமுறை ஓர் ஓவியத்தை எடுக்கச் சொல்லி ஒரு கூட்டம் வந்து ஷட்டரைத் தட்டியது. அந்தக் கொள்கையைப் பிடித்துக்கொண்டுதான் பொறுப்பாளர் மசியாமல் நின்றார். உள்ளே உட்கார்ந்து நிதானமாகத் தேநீர் குடித்தார் என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.*

* பாதித் தேநீர் சேலையில் கொட்டியதை அவர் என்னிடம் மட்டும் சொன்னார்.

3.

"அத நிறுத்திடுடி," என்றாள் வாலு.

"முதல்ல உக்காரு."

"உக்கார வரல. போறவங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் எங்கப்பா சாப்டியா சாப்டியான்னு கேட்டுக்கிட்டிருக்காரு. என்னால தாங்க முடியலடி."

"இன்னும் கொஞ்ச நாள்தானே, முடிஞ்சிடும். இன்னிக்கு உனக்காக எடுத்தா, நாளைக்கு மிரட்ட வர்றவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நான் மிரட்டலையே. கேக்கத்தானே செய்யறேன்."

"யார் கேட்டாலும்னு நீதானே சொன்ன?"

வாலு பாதி இறக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போய்விட்டாள்.

(அந்த நேரம் பார்த்து அப்பாவின் குரல் பின்னாலிருந்து கேட்டது என்று எழுதினால் எடுப்பாக இருக்கும். அவள் போகும்போதும் பதிவு ஓடிக்கொண்டிருந்ததா என்று பொறுப்பாளருக்கு நினைவில்லை. விட்டுவிட்டேன்.)

4.

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மீதே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு கல்நெஞ்சக்காரியா? வாசகர்கள் நம்புவார்களா? நேராகவே கேட்டேன்.

"அந்த ஸ்விட்ச் கதவுக்குப் பின்னாலதான் இருந்துச்சு," என்றார். "சாயங்காலம் வரைக்கும் அதைப் பாத்துக்கிட்டே நின்னேன். கொள்கையெல்லாம் ஒரு சாக்குங்க. வளைஞ்சு குடுக்காதவள்னு எனக்கு ஒரு பேரு இருக்கு. அந்தப் பேரு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

இதைக் கேட்ட பிறகு அவரைத் திட்ட மனம் வரவில்லை. நல்ல பெயருக்கு மயங்காதவர் யார்? ஆனாலும் வாலுவை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

5.

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ) காட்சி முடிந்ததும் பொறுப்பாளர் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வாலு வீட்டுக்குப் போகிறார். கதவு திறக்கிறது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

ஆ) போகிறார். கதவு திறக்கவில்லை.

இரண்டையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். முதல் முடிவுக்குத் தேம்பித் தேம்பி அழுதார். இரண்டாவதைக் கேட்டதும், "இதுதான் உண்மை. அவ கதவத் தெறக்கவே மாட்டா," என்றார்.

"போய்ப் பாத்தீங்களா?"

மேசைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து, துடைத்து, மறுபடியும் துடைத்தார்.

"இல்ல."

"ரெண்டு வருஷம் ஆச்சுங்களே!"

"பக்கத்துத் தெருதாங்க," என்றார், அது என்னவோ எட்டாத தூரம் மாதிரி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "முதல் முடிவையே வச்சிடுங்க. கேக்கறதுக்கு மனசுக்கு ஆறுதலா இருக்கு," என்றார்.

6.

அதனால்தான் இரண்டையும் நீக்கிவிட்டேன். மேலே நீங்கள் பார்த்தது சுருக்கம்தான். முழுசாக எழுதியதைக் கிழித்தாயிற்று.

எனக்கு முடிவு எழுத வராமல் இல்லை. கதவு திறக்கும் சத்தத்தை உங்கள் காதுக்கே கொண்டுவந்துவிடுவேன். ஆனால் எழுதிக் கொடுத்தால் அவர் அதைப் படிப்பார், அழுவார், பாரம் இறங்கிய மாதிரி இருக்கும், அதோடு சரி. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் துக்கத்தை ஓர் அறையில் வைத்து, விளக்குப் போட்டுப் பார்த்தே பழகியவர். தன்னுடையதையும் அப்படியே பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

அவரே நிரப்பிக்கொள்ளட்டும் என்று நான்காவது கொள்கைக்கு நேரே காலி இடம் விட்டுத் தாளை அனுப்பிவிட்டேன். தொலைபேசியில் கூப்பிட்டு, "கதை எப்போ முடியும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எங்காவது அவரைப் பார்த்தால் நீங்களாவது கேளுங்கள்: "ஏங்க, நீங்க இன்னும் போகலியாமே?"