மூன்றாவது பாடலில் எரியும் அடுப்பு

விமர்சனத்தின் முதல் இரண்டு பத்திகளைக் கவிஞர் நின்றுகொண்டே படித்தார். மூன்றாவது பத்தியில் உட்கார்ந்துவிட்டார்.

‘கவிஞர்’ என்பது பட்டப்பெயர். ‘ஈரச்சுவர்’ என்ற ராக் குழுவில் பாடுவதும் கிட்டார் வாசிப்பதும் அவர்தான். பாட்டு எழுதுவதும் அவரே என்பதால் புரியாதவர்கள் சூட்டிய பெயர் அது. புரிந்தவர்கள் வேறு ஏதோ சொல்லிக் கூப்பிட்டார்கள். பேஸ் கிட்டாருக்கு நெட்டை. டிரம்ஸுக்கு மாப்பிள்ளை, இது பட்டப்பெயர் இல்லை, கவிஞரின் தங்கையைக் கட்டியவர்.

இவர்களுடைய முதல் ஆல்பத்தைப் பற்றி ‘செவிப்பறை’ பத்திரிகை இப்படி எழுதியிருந்தது: “இளைஞர்களின் முயற்சி. முயற்சிக்கட்டும்.” அந்த வரி கவிஞரின் தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது. அதனால் இரண்டாவது ஆல்பத்துக்கு ‘மௌனத்தின் உள்கட்டமைப்பு’ என்று பெயர் வைத்து, ஒரு வருஷம் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். பாட்டெல்லாம் பதிவானது அம்மா வீட்டுப் பின்னறையில். சுவருக்கு அந்தப்பக்கம் சமையலறை. ஃபிரிட்ஜின் உறுமல் பதிவில் ஏறியிருந்தது, நீக்கினார். மூன்றாவது பாட்டில், எல்லா வாத்தியமும் அடங்குகிற இடத்தில், அம்மா உள்ளேயிருந்து “அடுப்பை அணைச்சியாடா?” என்று கேட்டது விழுந்திருந்தது, வெட்டினார். கடைசியாக மாப்பிள்ளையின் டிரம்ஸையும் எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் அடிக்கும் டிரம்ஸைப் போட்டார். “தப்பா நினைக்காத மாப்ள, நீ கொஞ்சம் லேட்டா அடிக்கிற” என்று ஆறுதலும் சொன்னார். மாப்பிள்ளை குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் மனைவி அதற்குப் பிறகு அண்ணனுக்குப் போன் பண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

இப்போது ‘செவிப்பறை’யின் மூன்றாவது பத்தி இப்படிச் சொன்னது: “நிசப்தத்தின் நடுவே ஒரு தாய் கேட்கிறாள், ‘அடுப்பை அணைச்சியாடா?’ என்று. நாகரிகம் தன்னைத்தானே கேட்கத் தவறிய கேள்வி இது. பின்னணியில் ஓயாத அந்த உறுமல், நம் காலத்தின் பசி. டிரம்ஸோ, பஸ்ஸைத் தவறவிட்டு ஓடிவரும் மனிதனைப் போல, எப்போதும் ஒரு நொடி தாமதமாக, மூச்சிரைக்க வருகிறது. மேதைமை.” பத்துக்கு ஒன்பது மதிப்பெண்.

கவிஞர் அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார். சந்தோஷத்தில் இல்லை. அந்தக் குரலைத் தன் கையால் வெட்டியவர் அவர். வெட்டாத பழைய பதிவு உலகத்தில் மூன்று பேரிடம்தான் இருந்தது. ஆக, அந்த மூவரில் எவனோ அதை விமர்சகருக்கு ரகசியமாகக் கொடுத்திருக்கிறான். தான் கொடுக்கவில்லை. நெட்டைக்கு அவ்வளவு சுறுசுறுப்பு கிடையாது. மிச்சம் யார்? பாராட்டு யாருடைய டிரம்ஸுக்கு வந்திருக்கிறது?

அடுத்த வாரத்துக்குள் இன்னும் நாலைந்து விமர்சனங்கள் வந்தன. எல்லாரும் அடுப்பைப் பற்றி எழுதினார்கள். ஒருவர் ‘அணையாத அடுப்பின் அரசியல்’ என்று தலைப்பே வைத்திருந்தார். “பாத்தியா, ஊரு பூரா அனுப்பியிருக்கான்!” என்று கவிஞர் பல்லைக் கடித்தார். ஊர் பூராவும் ஒரே மாதிரி எழுதினால் அதற்கு எளிமையான காரணம் ஒன்று இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எளிமை அவருடைய பாணி இல்லை.

முதலில் நெட்டையைத் தனியாகப் பிடித்தார். “நம்ம ஆல்பம் வெளிவந்ததும் கேட்டியா?”

“கேட்டேனே. பிரமாதம்.”

“மூணாவது பாட்டுல அம்மா குரல் இருந்துச்சா?”

நெட்டை ஒரு கணம் கூரையைப் பார்த்தான். கவிஞரின் முகத்தையும் பார்த்தான். “இல்லையே. நீதான் வெட்டிட்டியே.”

சாட்சி கிடைத்துவிட்டது. சனிக்கிழமை பகலில் பின்னறையில் கூட்டம் கூட்டினார். மாப்பிள்ளையை இன்று குழுவைவிட்டு நீக்குவதென்று முடிவு. நீக்கியபின் அம்மாவிடம் என்ன சொல்வது என்பதை மட்டும் முடிவு பண்ணவில்லை. அம்மா பல் டாக்டரிடம் போயிருந்ததால்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்.

“மாப்ள, நேராவே கேக்கறேன். பழைய பதிவை யாருக்குக் குடுத்த?”

“நானா? யாருக்கு?”

“நடிக்காத. மூச்சிரைக்க வருதாம்ல டிரம்ஸு?”

மாப்பிள்ளை குச்சிகளைக் கீழே வைத்தார். “மச்சான், அஞ்சு வருஷமா உங்கூட அடிக்கிறேன். வேலைய முடிச்சுட்டு, சட்டைகூட மாத்தாம நேரா இங்க வர்றேன். என் டிரம்ஸை எடுத்தப்ப ஒரு வார்த்த பேசினேனா? இது இல்லைன்னா எனக்கு வாரம் பூரா ஆபீஸும் வீடும்தான். நான் அனுப்பல.”

“அப்ப விமர்சகருக்கு ஞானதிருஷ்டியா?”

“அத அவரைக் கேளு. நீ புதுசா போட்டதை நான் கேக்கவேயில்லை. எனக்குப் பதிலா ஒரு மிஷின் அடிக்கறத நான் எதுக்குக் கேக்கணும்?”

“கேக்கலைன்னா உனக்கென்ன அக்கறை? நாளைலேர்ந்து நீ வரவேண்டாம்.”

வாசற்கதவு படாரென்று திறந்தது. ஒரு பக்கக் கன்னத்தில் பஞ்சு உப்பியிருக்க, அம்மா மூச்சு வாங்க ஓடிவந்து, சமையலறைக்குள் நுழைந்து அடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, பின்னறை வாசலில் வந்து நின்றாள்.

“எவன்டா எங்குரல்ல கத்துனவன்?”

“என்னம்மா?”

“டாக்டர் உள்ள போயிருக்காரு, ஊசி போட்டு வாய் மரத்துக்கெடக்கு. சீட்டு குடுக்குற பொண்ணு போன்ல பாட்டு போட்டிருக்கா. ஒரே எழவுச் சத்தம். திடீர்னு நிறுத்திட்டு, ‘அடுப்பை அணைச்சியாடா?’ன்னு நானே கேக்கறேன்! ஐயோ வீடு பத்திக்கிச்சேன்னு அப்படியே எழுந்து ஓடியாறேன். என்ன மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க, என்ன நடக்குது இந்த வீட்ல?”

நெட்டை மெதுவாகத் தன் போனை எடுத்து, உலகம் பூராவும் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த ஆல்பத்தைத் தேடி, மூன்றாவது பாட்டைப் போட்டான். ஃபிரிட்ஜ் உறுமியது. டிரம்ஸ் ஒரு நொடி தாமதமாக வந்து சேர்ந்தது. எல்லாம் அடங்கியது. அம்மா கேட்டாள்.

“நீ கேட்டேன்னு சொன்னியேடா?” என்றார் கவிஞர்.

“பாதி கேட்டேன்” என்றான் நெட்டை. “பாதின்னா, பேரு வரைக்கும்.”

கவிஞர் கம்ப்யூட்டரைத் திறந்தார். உள்ளே ‘இறுதி’, ‘மிக இறுதி’, ‘இனி மாற்றம் இல்லை’ என்று மூன்று பதிவுகள். ‘இறுதி’ என்பது ஒரு வருஷத்துக்கு முன்னால், வேலை முடிந்துவிட்டது என்று நம்பிய அப்பாவித்தனமான ஒரு மாலையில் வைத்த பெயர். வெளியீட்டு அன்று, தன் கையால், அதைத்தான் அனுப்பியிருந்தார். அனுப்பியபின் கேட்கவில்லை. படைத்தவன் தன் படைப்பைத் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று ஒரு பேட்டியில் சொல்லியிருந்ததால், அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

போனில் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் கால் தரையில் தட்ட ஆரம்பித்திருந்தது, ஒரு நொடி தாமதமாக.

“ஆக, அந்தத் துரோகி நீதான்” என்றார் மாப்பிள்ளை, மிகவும் மரியாதையாக.

“மாப்ள…”

“நாளைலேர்ந்து நீயும் வரவேண்டாமா?”

அம்மா பஞ்சைச் சரிசெய்தபடி, “யாரு வரவேண்டாங்கறது?” என்றாள். கவிஞர் அவசரமாக, “ஒண்ணுமில்லம்மா, பாட்டு வரி” என்றார்.

மறுநாள் ‘செவிப்பறை’யிலிருந்து பேட்டிக்கு அழைத்தார்கள். அந்தத் தாயின் குரல் எப்படி உதித்தது என்று கேட்டார்கள். “அதை அந்த இடத்துல வைக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு” என்றார் கவிஞர். பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை பலமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் கவிஞருக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, அம்மா குரலை வெட்டிய ‘இனி மாற்றம் இல்லை’யை அழிக்க உட்கார்ந்தார். பின்னால் நிழல் விழுந்தது.

“அழிக்காத மச்சான். எனக்கு ஒரு காப்பி அனுப்பு.”

“உனக்கெதுக்கு? மிஷின் அடிக்கறதக் கேக்கமாட்டேன்னியே?”

“சும்மாதான். பேட்டி எடுத்தவங்க நம்பர் எங்கிட்டயும் இருக்கு, அதான்” என்று மாப்பிள்ளை சிரித்தார். “தமாஷ், மச்சான்.”

கவிஞர் அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். தமாஷ் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அனுப்பிவைத்தார்.

மூன்றாவது ஆல்பத்தின் வேலை இப்போது நடக்கிறது. டிரம்ஸ் மாப்பிள்ளை. அவர் எவ்வளவு தாமதமாக அடித்தாலும், கவிஞர் காத்திருந்து பாடுகிறார்.