பூஜ்யத்திலிருந்து கூட்டியவர்

1
மழையில் கரைந்த உப்பைப் பற்றிச் செய்தி எழுதத்தான் மரக்காணம் போனேன். இந்தக் கதை அங்கே நான் கேட்ட ஒரு சாதாரணக் கேள்வியிலிருந்து வந்தது. அதைக் கேட்டதும் எதிரில் இருந்தவரின் முகம் வெளுத்தது. அந்த அதிர்ச்சி இன்னும் என்னை விடவில்லை.

முதல் தொடக்கம்: உப்புக் குவியல்கள் வெயிலில் வெள்ளை யானைகளைப்போல (வேண்டாம். எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறோம்.)

2
சூர்யகலா, உப்பளத்தில் கூலிவேலை செய்யும் ஆண்டாளின் மகள். கணித ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டார். திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு. தேறினால் ஒரு கல்லூரியில் வேலை. நான் போனது சனிக்கிழமை; அம்மாவுக்கு உதவியாக அவரும் உப்பளத்தில் இருந்தார்.

ஆய்வு ஜீட்டா சார்பு (zeta function) பற்றியது. ஒரு கோட்டின்மேல் போய்க்கொண்டே இருந்தால் அதன் அளவு பெரும்பாலும் சிறியது. எப்போதாவது பேரலைபோல் எழும்.

"எங்க எழும்புதுன்னு சொல்ல முடியாது சார். எங்கியோ எழும்புதுன்னு நிரூபிக்கலாம்."

"பார்க்காமலேவா?"

"ஆமா. பெருசா இருக்கலாம்னு தோணுற எடத்துக்கெல்லாம் எடை கூட்டிக் குடுத்து, மொத்தத்தப் பாக்கணும். மொத்தம் பெருசுன்னா, எங்கியோ ஒரு அலை இருந்தே ஆவணும்."

ஆண்டாள் சிரித்தார். "எங்கன்னே தெரியாததுக்கு அஞ்சு வருசமா படிக்கிறா சார். எந்தம்பி அதுக்குள்ள பஸ் ஸ்டாண்டுல பேனர் கட்டிட்டான். முனைவர்னு போட்டு."

(அடிக்குறிப்பு: நான் புரிந்துகொண்டது சரியா என்று கேட்டேன். "பேப்பருக்குப் போதும் சார்" என்றார் சூர்யகலா.)

3
என் கேள்வி இது: "எங்கிருந்து கூட்ட ஆரம்பிக்கிறீங்க?"

"பூஜ்யத்துல இருந்து சா…"

பாதியில் நிறுத்திவிட்டு சூர்யகலா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஈரச் சேற்றில் விரலால் எழுதினார், அழித்தார்.

"பூஜ்யத்துகிட்ட எடையே மலையா நிக்கும் சார். அந்தப் பகுதிய வெட்டிட்டுத்தான் கூட்டணும். நான் வெட்டல. மொத்தம் பெருசா வந்தது அலையால இல்ல. நான் வச்ச எடையால."

"வெட்டினா மிச்சம் தேறுமா?"

"தெரியல. இத கைடு பாக்கல. எக்ஸாமினர் ரெண்டு பேரும் பாக்கல."

இப்போது அந்தத் தவறு தெரிந்தவர்கள் இருவர். அதில் ஒருவன் நான்.

4
(நீக்கியது. 'முதல்ல வார்ற உப்புல சேறு இருக்கும், தள்ளிடுடி' என்று ஆண்டாள் சொல்ல, மகளுக்குத் தவறு புலப்படுவதாக ஒரு காட்சி எழுதியிருந்தேன். அழகாக இருந்தது. பொய். அவர் உண்மையில் கத்தியது இது: "இன்னாடி உக்காந்துட்ட? மழ வருது, ஓலையப் புடி!")

5
முடிவு அ: சூர்யகலா வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை எல்லாரும் கைகுலுக்குகிறார்கள்.

முடிவு ஆ: சொல்லிவிடுகிறார். தேர்வு நிற்கிறது. பேனரை அவிழ்க்கும்போது ஆண்டாள் (இந்த வாக்கியத்தை மூன்று முறை தொடங்கினேன்.)

நான் பார்த்தது இவ்வளவுதான். அம்மாவுடன் சேர்ந்து குவியலை ஓலையால் மூடினார். கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு கைடுக்குப் போன் செய்தார். "சார், நான் சூர்யகலா" என்றபடி குவியலுக்குப் பின்னால் போனார். பதினோரு நிமிடம். கடற்காற்றில் எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்ததும் ஆண்டாள் கேட்டார்: "என்னாடி சொன்னாரு?"

"மழைக்கு முன்னாடி பஸ்ஸப் புடிக்கச் சொன்னாரு."

சூர்யகலாவின் எண் என்னிடம் இருக்கிறது. திங்கட்கிழமை நான் கூப்பிடவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் இல்லை. ஒரு கேள்வி கேட்டதே எனக்குப் போதும்.

வாசகரே, நீங்கள் குவியலின் அந்தப் பக்கம் நின்றிருந்தீர்கள். காற்றும் உங்கள் பக்கம்தான் அடித்தது. என்ன கேட்டது?