நான்கு முறை திறந்த பாலம்

1

இந்தக் கதை ஒரு ரெவின்யூ ஸ்டாம்பில் தொடங்கியது. கிழக்கு ஜாவாவில், எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் ஒரு பெண் அதை வாங்கிக்கொண்டு, "மன்னிப்புக் கடிதத்துக்கு ஒண்ணு போதுமா?" என்று கேட்டாள். மற்றதெல்லாம் என் கற்பனை. நான் குடும்பக் கதை எழுதுகிறவள். என் கதைகள் கல்யாணத்தில் முடியும். இவளுக்கோ ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது.

2

அன்று மாலை மழை பெய்து (வேண்டாம், மழை இல்லை.)

அவளுக்கு ராத்ரி என்று பெயர் வைத்தேன்; மேடையேறி ஜனங்களைச் சிரிக்கவைப்பவள். அவள் சொன்னது இவ்வளவுதான்: "எங்க மாவட்டத் தலைவர் ஒரே பாலத்துக்கு நாலு தடவை ரிப்பன் வெட்டிட்டார். பாலம்தான் இன்னும் வரல. வெட்டுன ரிப்பனை முடிச்சுப் போட்டிருந்தா அது மேலயே ஆத்தைத் தாண்டியிருக்கலாம்."

வீடியோ பரவியது. தலைவர் அவதூறுப் புகார் கொடுத்தார்.

[என் வக்கீல் தோழி: "ஊர்ப் பேரை எடுத்துடு." எடுத்துவிட்டேன். "பாலத்தையும் எடுத்துடு." இல்லாததை எப்படி எடுப்பது?]

3

தப்பிக்க எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. மன்னிப்புத் தாளில் ஸ்டாம்ப் ஒட்டி, பாதி அதன் மேலும் பாதி தாளிலும் விழும்படி கையெழுத்திட்டு, கேமரா முன்னால் வாசித்துவிட்டால் புகார் வாபஸ். இல்லையென்றால் நீதிமன்றம்; சிறையும் கிடைக்கலாம்.

அவள் கணவன் ஸேனோ, முதல் பிரதியில் கோழை. அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். பயந்தவன், அவ்வளவுதான்.

"படிச்சுட்டு வந்துடு ராத்ரி, ரெண்டு நிமிஷ வேலை" என்றான், டெம்பே என்ற சோயாக் கட்டியை வறுத்தபடி.

"நான் சொன்னது பொய்னு எழுதியிருக்கு. பாலம் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

"நீ ஜெயிலுக்குப் போயிட்டா எனக்கு யாரு சோறு பொங்குவா?"

"இப்ப கரண்டி யாரு கையில இருக்கு?"

சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். (இந்த வரியை எழுத மூன்று நாள்.)

4

காவல் நிலையம். ஸேனோவுக்காக ஒப்புக்கொண்டு வந்த ராத்ரி வாசித்தாள்: "மதிப்புக்குரிய தலைவர் நான்கு முறை திறந்துவைத்த பாலத்தைப் பற்றி..."

பதினோரு வருட மேடைப் பழக்கம். சிரிப்பு வர இடம்விட்டு, தன்னையறியாமல் நிறுத்தினாள். கேமரா பிடித்த போலீஸ்காரர் சிரிப்பில் குலுங்கினார்.

"நிறுத்தாம படிம்மா!" என்றார் தலைவரின் வக்கீல்.

மறுபடியும் அதே இடம். மூன்றாம் முறை, வாசலில் நின்ற ஸேனோவே வெடித்துச் சிரித்தான்.

"நாலு முறைன்னு எழுதுனது எந்த முட்டாள்?" என்று கத்தினார் வக்கீல்.

"நீங்கதான் சார்" என்றார் போலீஸ்காரர்.

"சரி, இன்னொரு தடவை."

ராத்ரி நிமிர்ந்தாள். "நாலாவது தடவையா சார்? அப்ப ரிப்பன் வேணுமே." இம்முறை தெரிந்தேதான் சொன்னாள்.

5

சமாதான முடிவு: கையெழுத்திடுகிறாள், வீடு, சோறு, டெம்பே. என் வாசகிகளுக்குப் பிடிக்கும். எழுதினேன், அவளை மன்னிப்புக் கேட்கவைத்தால் நானும் கேட்டதாகிவிடும் என்று கிழித்தேன். அவளைச் சிறைக்கு அனுப்பவோ, என் சமையலறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு என்ன உரிமை?

ஆகவே இங்கே நிற்கிறேன். ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது. பேனா அவள் விரல்களில். ஸேனோ அருகில் வந்து மெதுவாகச் சொல்கிறான்:

"ஜெயிலுக்கும் நானே சோறு கொண்டாந்துடறேன்."

மீதியை நீங்கள் எழுதுங்கள். பாலம் இருப்பதாக மட்டும் எழுதாதீர்கள்.