பன்னிரண்டாவது படி

மீட்புப் படையின் ரேடியோ அறைப் பொறுப்பாளர் ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற மனிதர். பெண்டாட்டி போன் செய்தாலும் யார் என்று இரண்டு தரம் கேட்பார் என்று கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்டவர்தான் கோட்டை விட்டார்.

எதிரி எல்லைக்குள் விமானத்தோடு விழுந்தவனுக்கு, தலைமுடியை வைத்து, சுருட்டை என்று பெயர். அவனைத் தூக்கிவர முதல் நாள் போன ஹெலிகாப்டர் மூடுபனியில் வெறுங்கையோடு திரும்பியது. இரண்டாம் நாள் போனது உடம்பெல்லாம் ஓட்டையாக, ஒரு மெக்கானிக்கின் பிணத்தோடு வந்தது. மூன்றாம் நாள் காலையில் ரேடியோவில் கரகரவென்று ஒரு குரல். எதிரியே ரேடியோவைப் பிடுங்கிப் பேசி ஆள் வரவழைக்கிற காலம், குரலை நம்ப முடியுமா? அதற்குத்தான் அட்டை. தன் வீட்டைப் பற்றி ஒரு கேள்வியும் பதிலும் ஒவ்வொரு விமானியும் அதில் எழுதிக் கொடுத்திருப்பான்.

"உங்க வீட்டு மாடிக்கு எத்தனை படி?"

"பன்னெண்டு சார். சீக்கிரம் வாங்க, கால் போச்சு."

அட்டையில் பதினொன்று என்றிருந்தது. மறுபடி கேட்டார். மறுபடியும் பன்னிரண்டு.

வெளியே ஹெலிகாப்டரில் ஐந்து பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். "பொறி வெச்சிருக்கான். இறங்குங்க" என்றார். அந்தக் குரல் சாயங்காலம் வரை கூப்பிட்டது. பதில் பேசக்கூடாது என்பது விதி, இவரும் பேசவில்லை.

சண்டை ஓய்ந்து உடல் வந்தது. சுருட்டையின் துணிமணிப் பெட்டியைக் கொடுக்க இவரே அவன் வீட்டுக்குப் போனார். மாடி ஏறும்போது வாய் தானாக எண்ணியது. உச்சியில் எண்ணிக்கை பன்னிரண்டில் நின்றது. பெட்டியை வைத்துவிட்டுக் கீழே இறங்கி மறுபடி எண்ணிக்கொண்டே ஏறினார்.

"என்ன சார், எதையாவது விட்டுட்டீங்களா?" என்றாள் சுருட்டையின் மனைவி, இடுப்பில் குழந்தையோடு.

"இல்லம்மா. இதுல எத்தனை படி?"

"பதினொண்ணுதான் இருந்துது. அடிப்படி ரொம்ப உயரம், மாசமா இருந்தப்ப விழப் பார்த்தேன். போன லீவுல வந்தவர் அதுக்குக் கீழ ஒண்ணு கட்டினார். கோணல்மாணலாத்தான் இருக்கும், கொத்தனார் பார்த்தா சிரிப்பார்."

லீவு முடிந்து வந்தவன் மேஜை முன்னால் நின்றது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சார், அட்டையில ஒரு படி கூட்டணும் என்றான். மாத்திடறேன், போப்பா என்றார் இவர், டீயை ஆற்றிக்கொண்டே. பாவி மனுஷன், அதோடு மறந்தே போனார். அவனோ மாற்றியாயிற்று என்று நம்பிப் பறந்தான்.

"கடைசியா ஏதாவது பேசினாரா சார்?" என்று கேட்டாள் அவள்.

விதிப்படி சொல்லக்கூடாது. அவர் சொன்னார்.

"பன்னெண்டு படின்னு சரியாத்தாம்மா சொன்னார். நான்தான் நம்பல."