இடுப்பு உயரக் கோடு

பெயிண்டர்கள் வந்த முதல் நாளே அவர்களோடு சண்டை போட்டுவிட்டேன். பத்து வருஷமாகப் பெயிண்ட் வாசனையே பார்க்காத வீடு. மேஸ்திரியும் அவருடைய மச்சானும் ஏணி, வாளி, பழைய துணி எல்லாம் கொண்டுவந்து இறக்கிவிட்டு ஒவ்வொரு அறையாகப் பார்த்தார்கள். படுக்கையறையிலிருந்து வாசல் வரை போகும் நடையில் ஜன்னல் கிடையாது. பகலிலும் மங்கல்தான். அங்கே ஒரு பக்கச் சுவரில், இடுப்பு உயரத்தில், அழுக்குக் கோடு ஒன்று நீளமாக ஓடியது. கீழ்ப்பாதிக்கு மட்டும் கருநீல ஆயில் பெயிண்ட் அடித்துவிட்டால் கை பட்டாலும் துடைத்துக்கொள்ளலாம் என்றார் மேஸ்திரி. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், முழுக்க வெள்ளைதான் வேண்டும் என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னேன். யார் வீட்டுக்கு யார் யோசனை சொல்வது?

மேஸ்திரி சரி என்று தலையாட்டினார். அழுக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, பட்டி பூசி, மறுநாள் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். வீடு மாவு மில் மாதிரி ஆகிவிட்டது. தூசியைக் காலையில் துடைத்துவிட்டு பிரைமர் அடிப்போம், அதுவரை சுவரைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

காலை எட்டு மணிக்குப் பார்த்தால், மாவு படிந்த சுவரில் அதே உயரத்தில் புதுக் கோடு. மச்சான்காரரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா என்று கத்தினேன். அவர் அப்போதுதான் செருப்பையே கழற்றிக்கொண்டிருந்தார், பாவம்.

மேஸ்திரி சுவரோரம் குனிந்து பார்த்தார். மச்சானை டப்பா எடுத்துவர அனுப்பிவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. வீட்ல கண்ணு சரியாத் தெரியாதவங்க யாராவது இருக்காங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான், இரண்டு பேருக்கும் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

“நடக்க முடியாதவங்க சுவத்தை அழுத்திப் பிடிப்பாங்க, உள்ளங்கை முழுசாப் பதியும். இது வெறும் விரல் நுனி. வழி தேடிக்கிட்டே போயிருக்காங்க. ஸ்விட்ச் போர்டைச் சுத்தியும் தடவின அழுக்கு இருந்துச்சு. முதல் நாளே பார்த்தேன். அதான் ஆயில் பெயிண்ட் சொன்னேன்.”

ஐந்தரைக்கு, விடிவதற்கு முன்னால், இந்த நடை வழியாகப் போகிறவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். என் தூக்கம் கெடக்கூடாது என்று விளக்கைக்கூடப் போடாமல் போகிறார் என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஓட்டுவது பள்ளிக்கூட வேன். அதில் பதினெட்டுப் பிள்ளைகள்.

ஒன்பதரைக்கு அவர் திரும்பி வரும் வேன் சத்தம் கேட்டது. பெயிண்டர்களைப் பின்பக்கம் டீ குடிக்க அனுப்பிவிட்டு, நடையின் நடுவில் போய் நின்றேன். வெயிலிலிருந்து உள்ளே வந்தவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு விரல்களைச் சுவரில் வைத்தபடி நேராக வந்து என் தோளில் இடித்தார்.

“யாரு? மேஸ்திரியா?”

இருபத்திரண்டு வருஷக் குடித்தனம். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

“நான்தான். எத்தனை நாளா இப்படி?”

அவர் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒரு வருஷமாக என்றார். நல்ல வெளிச்சத்தில் ஒரு குறையும் இல்லை, மங்கலில்தான் எல்லாம் கரைந்துபோகிறது என்றார். சொன்னால் வேலை போய்விடும், வேறு வேலை தனக்குத் தெரியாது என்றார். விடியற்காலையில் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

“முன்னாடி போற வண்டியோட சிவப்பு லைட்டைப் பார்த்து ஓட்டுவேன்.”

“முன்னாடி வண்டி இல்லைன்னா?”

வேன் சாவிக்காகக் கையை நீட்டினேன். நீட்டியது அவருக்குத் தெரியவில்லை. அவர் சட்டைப் பையில் கையை விட்டு நானே எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துக்கு அவரே போன் செய்தார். மத்தியான டிரிப்புக்கே வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்குக் கண் சரியில்லை என்று மட்டும் சொன்னார். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வருஷம் என்னை ஏமாற்றினாரே என்று ஆத்திரமாக இருந்தது. இந்தப் பயத்தை ஒரு வருஷம் தனியாகவே வைத்துக்கொண்டிருந்தாரே என்று பாவமாகவும் இருந்தது.

மேஸ்திரி பிரைமர் டப்பாவோடு வந்து, முழுக்க வெள்ளைதானே என்று கேட்டார். கீழ்ப்பாதிக்கு நீங்கள் சொன்ன கருநீலமே அடியுங்கள் என்றேன். மச்சான்காரரிடம் காலையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அளவு டேப்பை எடுத்தார். எவ்வளவு உயரத்துக்கு என்று கேட்டார் மேஸ்திரி.

டேப் வேண்டாம் என்றேன். என் வீட்டுக்காரரை நடைக்குக் கூட்டிவந்து, எப்போதும் போல் கையை வைக்கச் சொன்னேன். அவர் கூச்சத்தோடு விரல்களைச் சுவரில் வைத்தார். அதற்கு ஒரு சாண் மேலே மேஸ்திரி பென்சிலை வைத்தார்.

“ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்னு நீதானே சொன்னே?”

“இருந்துட்டுப் போகுது. கையை எடுக்காதீங்க, அவர் இன்னும் கோடு போட்டு முடிக்கலை.”