கயெத்தான் போட்ட சூட்டுத் தரை

“சுத்தியலைக் கீழ வை மரியெல்! ஒரு டைலை உடைச்சா மொத்தத் தரையும் போச்சு, சொல்லிட்டேன்!”

“என்னத்த போச்சு? ரெண்டு வருஷமா அது என்ன பண்ணிக் கிழிச்சுதாம், இப்ப போறதுக்கு?”

மாடியில் என் குளியலறை வரை தெளிவாகக் கேட்டது. டிசம்பரில் மரியெல் இறைச்சி அடை வைத்துக் கொடுத்த தட்டு என்னிடமே தங்கிவிட்டிருந்தது. திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று அதைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

அவர்கள் குளியலறை ஒரு ஆள் திரும்பவே கஷ்டப்படுகிற இடம். அதற்குள் மூன்று பேர். இரண்டு ஜோடிக் காலுறை போட்டுக்கொண்டு மரியெல் கையில் சுத்தியலோடு நிற்கிறாள். நடுத் தரையில் ஹாக்கி கோல் காப்பவன் மாதிரி காலை அகட்டிக்கொண்டு கயெத்தான். அவன் காலுக்குப் பக்கத்தில், மீட்டரும் கையுமாக முழந்தாளிட்டு, ரோக்ஸான் என்கிற எலக்ட்ரீஷியன் பெண். மரியெலின் ஆள் ஈவான் வாசற்படியில் காபிக் கோப்பையோடு நிற்கிறான், யாரோ வீட்டுச் சண்டையைப் பார்ப்பதுபோல.

“வந்துட்டாங்கய்யா, மேல்வீட்டு ரேடியோ!” என்றான் கயெத்தான்.

“தட்டு குடுக்க வந்தேன்” என்றேன். தட்டை யாரும் வாங்கவில்லை. அதனால் நானும் போகவில்லை.

விஷயம் இவ்வளவுதான். மரியெலுக்குப் பன்னிரண்டு வருடமாக சூப்பர் மார்க்கெட்டில் உறைந்த உணவுப் பிரிவில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினால் கால்விரல்கள் மெழுகாக வெளுத்திருக்கும். வெளியே மைனஸ் முப்பது. அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: வந்ததும் பத்து நிமிஷம் வெறுங்காலோடு நிற்க ஒரு சூடான தரை. டைல்ஸுக்கு அடியில் மின்சாரக் கம்பிப் பாய் விரித்தால் ஆயிற்று. கனடாவில் எங்கள் ஊர் ஜோன்கியேரில் வீட்டுக்கு வீடு இருக்கிற சங்கதி.

ஈவான் ஆள் கூப்பிடத்தான் போனான். அவன் அக்கா புருஷன் கயெத்தான் விடவில்லை. “மச்சான் நான் எதுக்கு இருக்கேன், வெளியாளுக்குக் கூலி கொடுக்க?” இப்படி ஒரு மச்சான் எங்கள் தெருவில் எந்தக் குடும்பத்துக்கும் குறைவில்லை. இவன் ஓட்டுவது பள்ளிக்கூட பஸ். தெரியாத வேலை என்று ஒன்று இருப்பதாக அவன் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

இரண்டு சனி ஞாயிறு, நான்கு பெட்டி பீர், தரை தயார். இரண்டு பாய் விரித்ததில் கதவோரத்துப் பாய் மட்டும் சுட்டது. ஒரு துண்டை விரித்தால் மூடிவிடுகிற அகலம். மற்ற இடமெல்லாம் உறைந்த ஏரி. இரண்டு குளிர்காலமும் மரியெல் கதவோரத்தில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி, அந்தத் துண்டு அகலத்தில் நின்று காலைச் சூடாக்கிக்கொண்டாள். ஈவான் உள்ளே போகவேண்டுமானால் அவளை உரசிக்கொண்டுதான் போகவேண்டும்.

கேட்டபோதெல்லாம் கயெத்தானிடம் ஒரு காரணம் இருந்தது. முதலில், சிமெண்ட் காயவேண்டும். ஈஸ்டருக்கு, தெர்மோஸ்டாட் வீட்டைப் பழகிக்கொள்ளவேண்டும். இந்தப் புது வருஷ விருந்தில் எல்லார் முன்னாலும் சொன்னான்: “தரை நல்லாத்தான் இருக்கு. உன் கால்லதான் கோளாறு. டாக்டரைப் போய்ப் பாரு.”

மரியெல் டாக்டரிடம் போகவில்லை. ரோக்ஸானுக்குப் போன் செய்தாள். ஈவான் பயந்துபோய் மச்சானுக்குப் போன் செய்தான். மச்சான் பைஜாமா மேல் கோட்டை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு நிமிஷத்தில் வந்து இறங்கினான்.

ரோக்ஸான் ஒரு டைலின் மேல் சிவப்பு டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாள். “இங்கதான் கம்பி அறுந்திருக்கு. சிமெண்டு பூசும்போது கரண்டி பட்டிருக்கும். எல்லாருக்கும் நடக்கிறதுதான். ஆனா அறுந்தா கத்துறதுக்குன்னே பாயோட ஒரு சின்னப் பெட்டி குடுப்பாங்களே. அதை மாட்டலையா?”

“மாட்டினேனே!” கயெத்தான் நெஞ்சை நிமிர்த்தினான். “புத்தகத்துல போட்டிருந்தபடி எல்லாமே பண்ணினேன்.”

“கத்தலையா?”

“அது... நடுவுல கீ கீன்னுச்சு. பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு கழட்டிட்டேன். புகை அலாரம் கத்தினா கழட்ட மாட்டமா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. “அட, அன்னிக்குக் கத்தினது அதுவா? நான் என் வீட்டு அலாரம்னு நாற்காலி போட்டு ஏறி பேட்டரி மாத்தினேனே!”

“பார்த்தியா? அவங்களும் அப்படித்தான் நினைச்சாங்க” என்றான் கயெத்தான், ஆதரவு கிடைத்த சந்தோஷத்தில்.

“கழட்டின பேட்டரி எங்க?” என்றாள் ரோக்ஸான்.

“எங்க வீட்டு டிவி ரிமோட்ல போட்டேன்.”

“ரிமோட் வேலை செஞ்சுதா?”

“ஜோரா.”

தான் என்ன சொன்னோம் என்பது கயெத்தானுக்குப் புரிந்தபோது அவன் காது சிவந்தது. ஈவான் காபியை ரொம்பக் கவனமாகக் குடித்தான்.

“ஒரு டைலை எடுத்து, கம்பியை ஒட்டவச்சா ரெண்டு மணி நேர வேலை” என்றாள் ரோக்ஸான். “மிச்ச டைல்ஸ் இருக்கா?”

ஈவான் கயெத்தானைப் பார்த்தான். கயெத்தான் மேற்கூரையைப் பார்த்தான். மிச்ச டைல்ஸ் அவனுடைய வேட்டைக் குடிசையில் அடுப்பைச் சுற்றிப் பதிக்கப்பட்டிருந்தன.

“மூஸ் மான் அடிக்கப் போற தொரைங்க காலுக்கு என் டைல்ஸ்!” மரியெல் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. “பரவாயில்ல. கறுப்போ பச்சையோ, எதையாவது வச்சு மூடு. உடை ரோக்ஸான்.”

“என் வேலையில இன்னொருத்தி ஒட்டுப் போடறதா?” கயெத்தான் ஈவான் பக்கம் திரும்பினான். “மச்சான், அந்த டைல்ல கை வச்சா அக்டோபர்ல நீ வீட்டுலயே உக்காந்துக்க. குடிசையில உனக்கு இடம் கிடையாது.”

வருஷத்தில் அந்த ஒரு வேட்டை வாரத்துக்காகத்தான் ஈவான் மற்ற ஐம்பத்தொரு வாரமும் உயிரோடிருக்கிறான். மரியெலுக்கு அது தெரியும். சுத்தியலை ரோக்ஸானிடம் கொடுக்காமல் அவனிடமே நீட்டினாள்.

“வீடு உன் பேர்ல. நீயே உடை.”

ஒரு கையில் காபியும் ஒரு கையில் சுத்தியலுமாக அவன் நின்றான். சிவப்பு டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நிமிஷத்தில் அவன் உடைத்துவிடுவான் என்று நானே நினைத்தேன்.

“வசந்தம் வரட்டுமே மரியெல்...”

“வசந்தத்துல எதுக்குய்யா சூட்டுத் தரை?”

ஈவான் சுத்தியலைக் கழிப்பறைத் தொட்டி மேல் சத்தமில்லாமல் வைத்தான்.

ரோக்ஸான் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு டேப்பைப் பிரிக்கக் குனிந்தாள். “அது அப்படியே இருக்கட்டும்” என்றாள் மரியெல். இருந்தது. ஆறு மாதம் ஈவான் அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் பல் தேய்த்தான். மரியெல் கதவோரத்தில் நிற்பதையும் விட்டுவிட்டாள். பூட்ஸோடு நேராகச் சமையலறைக்குப் போய்விடுவாள். சத்தம் போட்டுச் சண்டையே இல்லை. எனக்குத்தான் பொழுது போகவில்லை.

ஊரில் பாதிப்பேர் வீடு மாறுகிற ஜூலை ஒன்றாம் தேதி அவளும் மாறினாள். பத்தொன்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். ரத்து செய்ய ஒரு காகிதமும் இல்லை. குளிர்பெட்டியை ஈவானே வியர்க்க வியர்க்கத் தூக்கி வண்டியில் ஏற்றினான். பாவம், அதில் மட்டும் அவன் யாரையும் கேட்கவில்லை.

மரியெல் இப்போது ஷிகூத்திமியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறாள். நவம்பரில் பார்க்கப் போனேன். கீழே அடுப்பு எரிகிற வீட்டில் தரை எப்படி இருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. பூட்ஸைக் கழற்றிய எனக்கு எழுந்து வர மனம் வரவில்லை. தனியாகத்தான் இருக்கிறாள். யாராவது உண்டா என்று இரண்டு தடவை கேட்டும் பிடி கொடுக்கவில்லை.

ஈவான் அக்டோபரில் குடிசைக்குப் போனான், வெறுங்கையோடு திரும்பினான். அடுத்த கோடையில் அல்மாவிலிருந்து வந்த ஒரு விதவையை முறைப்படி கல்யாணமே செய்துகொண்டான். சாட்சிக் கையெழுத்து கயெத்தான்.